ஸ்டீவ் கோப்பல்: பெரிய கோப்பை எதுவும் வெல்லாத மேலாளருக்கு இத்தனை மதிப்பு ஏன்?

கேள்வி: தென்றல்வாசி

அனைவருக்கும் வணக்கம். ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) ஆட்டங்கள் வழியாகக் கால்பந்துக்குள் வந்தவன் நான். ஆகவே ஸ்டீவ் கோப்பல் என்ற பெயரை 2016இல் அவர் கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்குப் பயிற்சியாளராக வந்தபோதுதான் முதன்முதலாகக் கேட்டேன். அடுத்த பருவத்தில் ஜம்ஷெட்பூர் அணியின் முதல் பயிற்சியாளராகவும், அதற்கடுத்த பருவத்தில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியிலும் அவரைப் பார்த்தேன். மூன்று பருவங்களிலும் கோப்பை இல்லை. அதிகம் சிரிக்காத, அதிகம் கத்தாத ஒரு வயதான ஆங்கிலேயர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

அண்மையில்தான் ஒரு செய்தி கண்ணில் பட்டது. இங்கிலாந்தின் லீக் மேலாளர்கள் சங்கம் தரும் ஆண்டின் சிறந்த மேலாளர் விருதை 2006, 2007 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இவரே பெற்றிருக்கிறார். 2007இல் இங்கிலாந்தின் உச்சப் பிரிவான பிரீமியர் லீகை வென்றது மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசனின் மான்செஸ்டர் யுனைடெட். கோப்பலின் ரெடிங் அணி எட்டாம் இடத்தில்தான் முடித்தது. அப்படியிருக்க, சக மேலாளர்களே வாக்களித்துத் தரும் விருது எட்டாம் இடக்காரருக்கு எப்படிப் போனது? மேலும், ஆட்டக்காரராக அவர் 28 வயதிலேயே ஓய்வு பெற்றதாகவும், ஒரு கிளப்பில் 33 நாட்களும் இன்னொன்றில் இரண்டே ஆட்டங்களும் மட்டும் பணியாற்றிவிட்டு விலகியதாகவும் படித்தேன். இவரை எப்படி மதிப்பிடுவது என்று விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: பழைய ரேடியோக்காரன்

தென்றல்வாசி அவர்களுக்கு, ஆட்டக்காரர் கோப்பலைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்; மேலாளர் கோப்பலைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

லிவர்பூல் நகரத்தில் 1955இல் பிறந்த அவர், அந்த நகரத்துப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆற்றுக்கு அக்கரையிலுள்ள டிரான்மியர் ரோவர்ஸ் என்ற சிறிய கிளப்புக்கு ஆடினார். 1975இல் அன்றைய மேலாளர் டாமி டாக்கர்ட்டி அவரை மான்செஸ்டர் யுனைடெடுக்கு அழைத்துக்கொண்டபோது அந்த மாபெரும் கிளப் உச்சப் பிரிவுக்கு அடுத்த இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. கோப்பலோ படிப்பை விடவில்லை. வகுப்பறையிலிருந்து பயிற்சிக்கும் பயிற்சியிலிருந்து வகுப்பறைக்கும் அலைந்து பட்டத்தை முடித்த பிறகே முழுநேர ஆட்டக்காரரானார். பள்ளிப் படிப்பை முடிப்பதே அரிதாக இருந்த அன்றைய ஆங்கிலேய ஆட்டக்காரர்களிடையே இது விசித்திரமான காட்சி.

அவர் வலது விங்கர். கோட்டை ஒட்டி ஓடிப் பந்தைக் குறுக்கே அனுப்புவது மட்டுமல்லாமல், பந்து எதிரணியிடம் போய்விட்டால் தன் பின்கள வீரருக்குத் துணையாக அறுபது கெஜம் திரும்பி ஓடிவருகிற விங்கர். 1977இல் எஃப்.ஏ. கோப்பை என்னும் இங்கிலாந்துக் கிளப்புகளின் நாக்-அவுட் போட்டியின் இறுதியாட்டத்தில் லிவர்பூலை 2-1 என்று வென்ற அணியில் இருந்தார். அந்த ஆண்டு ஜனவரி தொடங்கி 1981 நவம்பர் வரை ஒரு லீக் ஆட்டத்தைக்கூடத் தவறவிடாமல் தொடர்ச்சியாக இருநூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் களமிறங்கினார். கோல்கீப்பர் அல்லாத ஒருவருக்கு, அதுவும் ஒவ்வொரு வாரமும் பின்கள வீரர்களிடம் உதை வாங்குகிற விங்கருக்கு, இது சாதாரணமான காரியமில்லை.

அந்த ஓட்டம் நின்ற இடம் வெம்பிளி. 1981 நவம்பர் 18 அன்று, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஹங்கேரிக்கு எதிராக இங்கிலாந்து 1-0 என்று வென்று, ஸ்பெயினில் நடக்கவிருந்த உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அதே ஆட்டத்தில் யோசெஃப் டோத் என்ற ஹங்கேரிய வீரர் இடுப்பளவு உயரத்தில் காலை நீட்டிப் பாய்ந்ததில் கோப்பலின் இடது முழங்கால் நொறுங்கியது. அவர் அத்துடன் நின்றுவிடவில்லை என்பதுதான் வேதனை. அறுவைச் சிகிச்சைக்குப் பின் அதே காலோடு 1982 உலகக் கோப்பையில் ஆடினார். ஸ்பெயினுக்கு எதிரான கடைசி ஆட்டத்துக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மறுபருவத்திலும் யுனைடெடுக்கு ஆடிப்பார்த்து, 1983 அக்டோபரில் விடைபெற்றுக்கொண்டார். இங்கிலாந்துக்காக 42 ஆட்டங்கள், 7 கோல்கள், வயது 28. விங்கருக்கு உச்சகாலம் என்று சொல்லப்படும் வயது அது.

பதில் 2: செல்ஹர்ஸ்ட் மாடம்

முன்னவர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். என் பெயரைப் பார்த்தாலே நான் கிரிஸ்டல் பேலஸ் ஆதரவாளன் என்பது தெரிந்திருக்கும். நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

1984 கோடையில், இரண்டாம் டிவிஷனில் தள்ளாடிக்கொண்டிருந்த, கையில் காசில்லாத பேலஸின் தலைவர் ரான் நோட்ஸ், மேலாளர் அனுபவமே இல்லாத கோப்பலை நியமித்தார். அணியில் சிலர் அவரைவிட மூத்தவர்கள். பணம் இல்லாததால் அவர் மற்றவர்கள் பார்க்காத இடங்களில் தேடினார். ஆண்டி கிரே டல்விச் ஹாம்லெட் என்ற அரைத்தொழில்முறை அணியிலிருந்து வந்தார். ஜெஃப் தாமஸ் கீழ் டிவிஷனில் இருந்த குரூவிலிருந்து வந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக இயன் ரைட்: பல கிளப்புகள் சோதித்துப் பார்த்து வேண்டாமென்று அனுப்பிவிட்ட, கூலி வேலை செய்துகொண்டு கிரீனிச் பரோவுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்தைவிடச் சற்று மேலான மட்டத்தில் ஆடிக்கொண்டிருந்த இளைஞர். 22 வயதை நெருங்கிக்கொண்டிருந்த அவருக்குப் பதிலாக அந்தச் சிறிய கிளப்புக்கு பேலஸ் கொடுத்தது ஒரு தொகுதி உடற்பயிற்சி எடைக்கருவிகள். ஆறு ஆண்டுகள் கழித்து அதே ரைட்டை ஆர்சனல் 25 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது.

1989இல் பிளே-ஆஃப் (மேல் பிரிவுக்கு ஏறுவதற்கான கூடுதல் சுற்று) இறுதியின் இரண்டு ஆட்டங்களில் முதலாவதில் பிளாக்பர்னிடம் 1-3 என்று தோற்று, இரண்டாவதில் கூடுதல் நேரத்தில் 3-0 என்று வென்று பேலஸ் அன்றைய உச்சப் பிரிவான முதல் டிவிஷனுக்கு ஏறியது. ஏறிய சில வாரங்களிலேயே, செப்டம்பர் 12 அன்று, ஆன்ஃபீல்டில் லிவர்பூலிடம் 0-9. இதை வெறும் எண்ணாகப் பார்க்காதீர்கள். எட்டு வெவ்வேறு லிவர்பூல் வீரர்கள் கோல் அடித்தார்கள். ஸ்பெயினுக்குப் போகவிருந்த ஜான் ஆல்ட்ரிட்ஜுக்குப் பிரியாவிடை கொடுப்பதற்காக, ஒரு பெனால்டி கிடைத்ததும் அவரை மாற்று வீரராக இறக்கி உதைக்கச் செய்தார்கள். அவர் பந்தை வலைக்குள் அனுப்பிவிட்டு, ஆட்டம் முடிந்ததும் சட்டையையும் காலணிகளையும் ரசிகர்கள் கூட்டத்துக்குள் எறிந்தார். பேலஸுக்கும் ஒரு பெனால்டி கிடைத்தது. ஜெஃப் தாமஸ் அதைக் கோட்டைவிட்டார். அன்றிரவு எங்கள் அணி எதிரியின் கொண்டாட்டத்துக்கு வைக்கப்பட்ட தோரணம்.

கோப்பல் அதற்குப் பின் செய்ததில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. நவம்பரில் பிரிஸ்டல் ரோவர்ஸிலிருந்து நைஜல் மார்ட்டினைப் பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கினார். பிரிட்டனில் ஒரு கோல்கீப்பருக்கு அந்தத் தொகை கொடுக்கப்பட்டது அதுவே முதல்முறை. பின்களத்துக்கு ஆண்டி தார்ன் வந்தார். பிறகு 1990 ஏப்ரல் 8, வில்லா பார்க்கில் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி, எதிரே அதே லிவர்பூல். இயன் ரைட்டோ கால் எலும்பு முறிந்து வெளியே உட்கார்ந்திருக்கிறார்.

பந்தைக் காலில் வைத்து ஆடினால் அந்த லிவர்பூலை யாராலும் வெல்ல முடியாது. ஆனால் கார்னர் கிக், ஃப்ரீ கிக் வேளைகளில் அவர்களது பின்களம் தடுமாறும் என்பதைக் கோப்பல் கண்டுபிடித்துவைத்திருந்தார். இடைவேளையில் 0-1. இரண்டாம் பாதி தொடங்கிய சில நொடிகளிலேயே வலது பின்கள வீரர் ஜான் பெம்பர்டன் தன் பாதியிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு ஓடிய ஓட்டம் மார்க் பிரைட்டின் கோலில் முடிந்தது. அதன்பின் கேரி ஓ'ரெய்லி, ஆண்டி கிரே, கூடுதல் நேரத்தில் ஆலன் பார்டியூ என்று விழுந்த மூன்றுமே நின்ற பந்திலிருந்து உருவான கோல்கள். கடைசிக் கோலைப் பாருங்கள்: கிரே கார்னரை முன்கம்பத்துக்கு அனுப்புகிறார், தார்ன் தலையால் உரசிவிடுகிறார், பின்னால் காத்திருந்த பார்டியூ தலையால் முட்டுகிறார். 4-3. ஏழே மாதங்களுக்கு முன் ஒன்பது கோல் வாங்கிய அணி இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும்.

இறுதியாட்டத்தில் யுனைடெடோடு 3-3. மாற்று வீரராக இறங்கிய ரைட் இரண்டு கோல் அடித்தார். கூடுதல் நேரம் முடிய ஏழு நிமிடம் இருக்கும்போது மார்க் ஹியூஸ் சமன் செய்தார். மறு ஆட்டத்தில் 0-1. ஃபெர்குசன் யுனைடெடில் வென்ற முதல் கோப்பை அது. அந்த ஏழு நிமிடம் தாக்குப்பிடித்திருந்தால் கோப்பை எங்களுக்கு வந்திருக்கும். ஃபெர்குசனின் கதை என்னவாகியிருக்கும் என்று பேலஸ்காரர்கள் இன்றுவரை ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம். மறுபருவம், 1990-91இல், பேலஸ் முதல் டிவிஷனில் மூன்றாம் இடம். கிளப்பின் வரலாற்றில் அதற்கு மேல் லீகில் ஒருபோதும் போனதில்லை.

பதில் 3: கணக்குப்பிள்ளை

மேலே எழுதியவரின் அன்பு புரிகிறது. ஆனாலும் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

1992-93, உச்சப் பிரிவு பிரீமியர் லீக் ஆன முதல் பருவம். 42 ஆட்டங்களில் 49 புள்ளிகள் எடுத்தும் பேலஸ் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது; ஓல்டாமும் அதே 49தான், கோல் வித்தியாசம் (அடித்த கோல்களுக்கும் வாங்கிய கோல்களுக்கும் உள்ள வேறுபாடு) அவர்களைக் காப்பாற்றியது. கடைசி நாளில் பேலஸ் ஆர்சனலிடம் 0-3 என்று தோற்றது. கோல் அடித்தவர்களில் ஒருவர் இயன் ரைட் என்பதை மேலே எழுதியவர் நாகரிகம் கருதி விட்டுவிட்டார் போலும். கோப்பல் பொறுப்பேற்றுக்கொண்டு விலகினார். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

1996 இலையுதிர்காலத்தில் மான்செஸ்டர் சிட்டிக்குப் போய், ஆறு ஆட்டங்கள் முடிந்து 33ஆம் நாள், இந்த வேலையின் அழுத்தம் தன் உடல்நிலையைப் பாதிக்கிறது என்று சொல்லி வெளியேறினார். 2010இல் பிரிஸ்டல் சிட்டியிலோ, ஏப்ரலில் பொறுப்பேற்று, கோடை முழுவதும் அணியைத் தயார்செய்து, இங்கிலாந்துக் கோல்கீப்பர் டேவிட் ஜேம்ஸ் வரை ஆள் சேர்த்துவிட்டு, ஆகஸ்ட்டில் இரண்டு ஆட்டங்கள் முடிந்ததும் இந்த வேலையில் தனக்கு ஈடுபாடு வரவில்லை என்று கூறிவிட்டு விலகினார். உடல்நிலைக் காரணத்தை நான் மதிக்கிறேன்; அன்றைய காலத்தில் ஓர் ஆண் அதைப் பொதுவெளியில் சொல்வதற்கே துணிச்சல் வேண்டும். ஆனால் இரண்டாவது விலகல் வேறு வகை. அவரை நம்பி வந்த ஆட்டக்காரர்களும், பருவச்சீட்டு வாங்கிய ரசிகர்களும் ஆகஸ்ட் மாதத்தில் நடுத்தெருவில் நின்றார்கள். ஈடுபாடு இல்லை என்பது மே மாதத்தில் தெரிந்திருக்கக் கூடாதா?

ரெடிங்கைப் பற்றியும் யாராவது புகழ்ந்து எழுதப்போகிறீர்கள். எழுதுங்கள். ஆனால் 2007-08ஐ விட்டுவிடாதீர்கள். போர்ட்ஸ்மவுத்திடம் 4-7, டாட்டன்ஹாமிடம் 4-6 என்று ஒரே பருவத்தில் இரண்டு ஆட்டங்களில் மட்டும் 13 கோல் வாங்கிய அணி, கடைசி நாளில் டெர்பியை 4-0 என்று வென்றும், ஃபுல்லாம் எடுத்த அதே 36 புள்ளிகளுடன் மூன்று கோல் வித்தியாசத்தில் இறங்கியது. வாழ்க்கையில் இரண்டு முறை கோல் வித்தியாசத்தால் பிரீமியர் லீகிலிருந்து இறங்கியவருக்கு அதிர்ஷ்டம் இல்லை என்று முதல்முறை சொல்லலாம். இரண்டாம் முறை கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும்.

பதில் 4: தேம்ஸ் ஓரத்தான்

கணக்குப்பிள்ளை ஐயா, ரெடிங்கைப் புகழத்தான் வந்தேன்; நீங்கள் கேட்ட கணக்கையும் சேர்த்தே தருகிறேன்.

முதலில் ஒரு வேடிக்கை. 2003இல் ரெடிங்கின் மேலாளர் நாற்காலி காலியானதற்குக் காரணம், அதில் இருந்தவர் வெஸ்ட் ஹாமுக்குப் போனது. போனவர் ஆலன் பார்டியூ, அதாவது மேலே சொன்ன 4-3 ஆட்டத்தின் கடைசிக் கோலை அடித்தவர்.

இடைப்பட்ட ஆண்டுகளில் கோப்பல் பேலஸை 1997இல் மறுபடியும் பிளே-ஆஃப் வழியாக மேலே ஏற்றியதையும், அது கடனில் மூழ்கி நீதிமன்ற நிர்வாகத்தின் கீழ் போன 1999இல் வீரர்களை விற்றபடியே டிவிஷனில் தக்கவைத்ததையும், பிரென்ட்ஃபர்டிலும் பிரைட்டனிலும் ஓரோர் ஆண்டு இருந்ததையும் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். ரெடிங்கில் அவர் கையாண்ட முறை பேலஸில் கையாண்ட அதே முறைதான். 2005இல் அயர்லாந்தின் கார்க் சிட்டி கிளப்பிலிருந்து கெவின் டாயிலையும் ஷேன் லாங்கையும் கொண்டுவந்தார். டாயிலுக்குக் கொடுத்த விலை ஒரு லட்சம் பவுண்டைக்கூடத் தொடவில்லை. 4-4-2 அமைப்பு (பின்களத்தில் நால்வர், நடுக்களத்தில் நால்வர், முன்களத்தில் இருவர்), இரு ஓரங்களிலும் அசல் விங்கர்கள்: வலதில் க்ளென் லிட்டில், இடதில் அமெரிக்கர் பாபி கான்வி. விங்கராக இருந்தவர் விங்கர்களை நம்பினார்.

2005-06 பருவத்தின் முதல் ஆட்டத்தில் சொந்த மைதானத்திலேயே பிளிமவுத்திடம் தோற்றார்கள். அடுத்து வந்த 33 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை. 46 ஆட்டங்கள், 31 வெற்றி, 13 டிரா, 2 தோல்வி. அடித்தது 99, வாங்கியது 32. மொத்தம் 106 புள்ளிகள். இங்கிலாந்துக் கால்பந்தின் இரண்டாம் மட்டத்தில் இதற்கு மேல் இன்றுவரை யாரும் எடுத்ததில்லை. 2025இல் பர்மிங்காம் 111 எடுத்தது, ஆனால் அது மூன்றாம் மட்டத்தில். 1871இல் தொடங்கிய ரெடிங் கிளப் தன் வரலாற்றில் முதல்முறையாக உச்சப் பிரிவுக்கு வந்தது. வந்த முதல் ஆட்டத்தில் மிடில்ஸ்பரோவிடம் 0-2 என்று பின்தங்கி 3-2 என்று வென்றது. ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு 55 புள்ளிகளுடன் எட்டாம் இடம். ஏழாம் இடத்தில் இருந்த போல்டன் ஒரே ஒரு புள்ளி கூடுதலாக எடுத்து ஐரோப்பியப் போட்டிக்குப் போனது. தென்றல்வாசி, எட்டாம் இடத்துக்கு விருது எப்படி என்று கேட்டீர்கள் அல்லவா? வாக்களித்தவர்கள் மற்ற மேலாளர்கள். அந்த ஆட்டக்காரர்களுக்கு என்ன விலை என்பதும், தங்கள் கிளப்புகள் எவ்வளவு செலவழித்தன என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இனி 2007-08. ஸ்டீவ் சிட்வெல் ஒப்பந்தம் முடிந்து செல்சிக்குப் போய்விட்டார், அவருடைய இடம் சரியாக நிரப்பப்படவில்லை. முந்தைய ஆண்டு வெற்றி தந்த ஆட்டக்காரர்களிடம் கோப்பல் காட்டிய விசுவாசம் மறு ஆண்டு வினையாயிற்று என்பதே என் கருத்து. ஆகவே உங்கள் கணக்கை நான் மறுக்கவில்லை. அடுத்த ஆண்டு பிளே-ஆஃப் அரையிறுதியில் பர்ன்லியிடம் தோற்ற அன்றிரவே விலகினார். அந்த பர்ன்லியின் மேலாளர் ஓவென் காயில், பின்னாளில் சென்னையின் எஃப்.சி.க்குப் பயிற்சியாளராக வந்தவர்; அந்த அணியின் ரசிகர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

பதில் 5: மஞ்சள் சட்டை, கோவை

2016 டிசம்பர் 18 அன்று கொச்சி மைதானத்தில் இருந்தவன் என்ற முறையில் சில வரிகள். கோவையிலிருந்து காலை ரயிலில் போனோம்; பாலக்காடு தாண்டியதுமே பெட்டி முழுவதும் மஞ்சள். ஆட்டம் தொடங்குவதற்குப் பல மணி நேரம் முன்பே மாடங்கள் நிரம்பிவிட்டன.

அந்தப் பருவத்தைக் கேரளா தொடங்கிய விதத்தை மறந்துவிடாதீர்கள். முதல் இரண்டு ஆட்டங்களிலும் 0-1, மூன்றாவதில் 0-0. மூன்று ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. எங்களில் பலர் அவரை அனுப்பிவிட வேண்டும் என்று பேச ஆரம்பித்தோம், நானும் அதில் ஒருவன். அவர் அவசரப்படவில்லை. ஆரோன் ஹியூஸையும் செட்ரிக் ஹெங்பார்ட்டையும் நடுப் பின்களத்தில் நிறுத்தி, முதலில் கோல் வாங்காமல் இருக்க அணியைப் பழக்கினார். பெங்களூரு அணியின் ஆசியப் போட்டி முடிந்து சி.கே. வினீத் வந்து சேர்ந்த பின் கோல்களும் வந்தன. இரண்டாம் இடத்தில் முடித்து, அரையிறுதியில் டெல்லியைப் பெனால்டியில் வென்று, இறுதிக்கு வந்தோம்.

இறுதியாட்டத்தில் முகமது ரஃபி தலையால் முட்டிய கோல் விழுந்தபோது எழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருந்தவர் என்னிடம் ஏதோ கத்தினார். உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. இடைவேளைக்குச் சற்று முன் எதிரணியான கொல்கத்தாவின் செரேனோ சமன் செய்தார், அதுவும் ஒரு கார்னரிலிருந்து. நின்ற பந்தை வைத்தே லிவர்பூலைக் கவிழ்த்தவர் கோப்பல் என்பது அப்போது எனக்குத் தெரியாது. செல்ஹர்ஸ்ட் மாடம் எழுதியதைப் படித்த பிறகு அந்தக் கோல் கூடுதலாக வலிக்கிறது. பெனால்டியில் 3-4 என்று தோற்றோம். கடைசிப் பந்து உள்ளே போனதும் ஐம்பதாயிரம் பேர் இருந்த இடத்தில் கொல்கத்தா வீரர்கள் ஓடிவரும் சத்தம் மாடம் வரை கேட்டது.

மறு ஆண்டு நவம்பரில் அவர் அதே கொச்சிக்கு ஜம்ஷெட்பூரோடு வந்து 0-0 என்று ஆடிவிட்டுப் போனார். அன்று எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது யோசித்தால், புத்தம்புதிய அணி, முதல் மாதம், நிரம்பிய கொச்சி மைதானம். அவர் வேறு எதற்கும் வந்திருக்க மாட்டார்.

தென்றல்வாசி

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு அந்த 4-3 ஆட்டத்தைத் தேடி முழுவதுமாகப் பார்த்தேன். செல்ஹர்ஸ்ட் மாடம் அவர்களே, ஒரு சந்தேகம். இரண்டாம் பாதித் தொடக்கத்தில் பெம்பர்டன் அப்படி ஓடியது திட்டமா, அல்லது அவராகவே எடுத்த முடிவா? முதல் பாதியில் அவர் ஒருமுறைகூட அவ்வளவு தூரம் முன்னேறியதாகத் தெரியவில்லை.

செல்ஹர்ஸ்ட் மாடம்

முதல் பாதி முழுவதும் பேலஸ் லிவர்பூலை மறிப்பதிலேயே குறியாக இருந்ததால் பெம்பர்டனுக்கு முன்னேறும் அனுமதி இருந்திருக்காது என்பது என் ஊகம். இடைவேளையில் கோப்பல் என்ன சொன்னார் என்பது அந்த அறைக்குள் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் பந்தை நடுவிலிருந்து உதைத்துத் தொடங்கிய கையோடு அது அவரிடம் போகிறது, அவர் ஒரு நொடிகூடத் தயங்காமல் கோட்டை ஒட்டி ஓடுகிறார். அந்த ஓட்டத்தை இன்னொரு முறை பாருங்கள். அதில் ஒரு விங்கரின் கால் தெரியும்.